எல்லைப்புற மாணவரும் புனைகதை நுண்வாசிப்பும்

1. முன்னுரை

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த சிற்றூர் உதியன்குளங்கரை. பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடைந்தால் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. இவ்வூர்ப் பெயரைத் தமிழில் எழுதுவோர் 'குளங்கரை' என முடிப்பர். மலையாளத்தில் எழுதுவோர் 'குளங்ஙர' என முடிப்பர். ககரம் தன் முன்னுள்ள மூக்கொலியோடு ஒன்றிவிட்டதும், ஈற்று ஐகாரம் அகரமாகியதும் தவிர இரு வடிவங்களுக்கும் வேறுபாடு இல்லை. ஊர்ப்பெயரில் காணப்படும் இந்நிலை அப்பகுதி மாணவரின் மொழிநிலைக்கும் பொருந்தும். அவர்தம் வீட்டுமொழியின் சொற்களுள் பல இரு மொழிகளுக்கும் உரியவை. ஆயினும் அவற்றின் மதிப்பு இரண்டிலும் ஒன்றன்று.

இத்தகைய மாணவருக்கு உயர்நிலைப் பள்ளி நிலையில் புனைகதையை நுணுகி வாசிக்கக் கற்பிப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இரு மொழிகள் கலந்த பேச்சு மாணவரின் குறை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. நுண்வாசிப்பைப் பொறுத்தவரை அதுவே அவருடைய முதன்மையான கருவி என்பதும், தமிழ் - மலையாள மொழிபெயர்ப்பு அக்கருவியைப் பயன்படுத்தும் நேரிய வழி என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

2. நுண்வாசிப்பு: கருத்தும் மரபும்

ஒரு பனுவலின் பொருளை அதன் சுருக்கத்திலிருந்தோ ஆசிரியர் வரலாற்றிலிருந்தோ பெறாமல், சொல், சொல்லுருபு, தொடரமைப்பு, தொடர்களின் வைப்புமுறை ஆகியவற்றிலிருந்து பெற முயல்வது நுண்வாசிப்பு. மேலைநாட்டில் இதனை வகுப்பறைப் பயிற்சியாக வளர்த்தவர்களுள் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் குறிப்பிடத்தக்கவர். கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயர் நீக்கிய கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துரைகளை ஆராய்ந்து 1929இல் 'செய்முறைத் திறனாய்வு' என்னும் பொருள்படும் நூலை அவர் வெளியிட்டார். அமெரிக்காவில் கிளீன்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன் ஆகிய இருவரும் 1943இல் புனைகதைக்கென ஒரு பாடநூலை உருவாக்கி, இம்முறையை உரைநடைக்கும் விரித்தனர்.

தமிழுக்கு இது புதிய நெறியன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் 'நோக்கு' ஒன்று. கேட்போரை மீண்டும் நோக்கிப் பார்க்கச் செய்யும் அமைப்பு என்று இதனை விளக்கும் பேராசிரியர், அகநானூற்றின் 4ஆம் பாடலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் அவ்விடத்தில் என்ன பணி செய்கிறது எனக் காட்டிச் செல்கிறார். சொல்லை அது நின்ற இடத்தோடு சேர்த்துப் பார்க்கும் இவ்வுரைமரபே இன்றைய தமிழாசிரியருக்கு அண்மையிலுள்ள முன்மாதிரி.

எனினும், பள்ளிகளில் இம்மரபு செய்யுளோடு நின்றுவிட்டது. செய்யுளுக்கு 'நயம் பாராட்டுதல்' என்னும் பயிற்சி உண்டு. சிறுகதையும் நாவற்பகுதியும் துணைப்பாடமாக, பிற்காலத்தில் விரிவானமாக, இடம்பெறுகின்றன. அவற்றை ஒட்டி எழும் வினாக்கள் பெரும்பாலும் கதைச் சுருக்கத்தையோ பாத்திரத்தின் பண்பையோ கேட்பவை. கதையை வேறொருவர் வாய்மொழியாகக் கேட்டறிந்த மாணவரும் இவ்வினாக்களுக்கு விடையெழுதிவிட இயலும். நடந்தது என்ன என்பது மட்டும் கேட்கப்பட்டு, அது எச்சொற்களால் சொல்லப்பட்டது என்பது கேட்கப்படாதபோது, உரைநடையில் நோக்கத்தக்கது ஏதும் இல்லை என்றே மாணவர் எண்ணிக்கொள்கிறார்.

3. களம்

3.1 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே இவ்வாறு ஆட்சியெல்லை உருவாயிற்று. பேச்சில் அத்தகைய கூரிய எல்லை இல்லை. 'விளை' என்னும் சொல்லைச் சான்றாகக் கொள்ளலாம். தோட்டநிலத்தைக் குறிக்கும் இச்சொல், எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஊர்ப்பெயர்களின் ஈறாக வழங்குகிறது. உதியன்குளங்கரைக்கு அண்மையிலுள்ள அமரவிளை அவற்றுள் ஒன்று.

3.2 ஒரே தன்மையுடைய பேச்சு, எல்லைக்கு ஒருபுறம் தமிழின் வட்டார வழக்காகவும் மறுபுறம் மலையாளத்தின் தென்கோடி வழக்காகவும் பெயர் பெறுகிறது. இருபுறப் பள்ளிகளிலும் அது எழுத்துமொழிக்குப் புறம்பானது என்றே கொள்ளப்படுகிறது. மலையாளத் திரைப்படங்களில் இத்தென்கோடிப் பேச்சு நெடுங்காலமாக நகைச்சுவைக்குப் பயன்பட்டுள்ளது; 2005இல் வெளிவந்த 'ராஜமாணிக்யம்' இதற்கு நன்கறியப்பட்ட சான்று. தன் வீட்டுமொழி பிறர் சிரிப்பதற்கு உரியது என்று கேட்டு வளரும் மாணவர், அம்மொழியை ஒரு நாவலில் காணும்போது அங்கும் சிரிப்பையே எதிர்பார்ப்பார்.

3.3 நாவலாசிரியர்களோ அப்பேச்சை வேறுவகையில் ஆண்டுள்ளனர். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964), நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968), தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988), ஜெயமோகனின் 'ரப்பர்' (1990) ஆகியவை தென்திருவிதாங்கூர் வாழ்வையும் பேச்சையும் தமக்கு அடிப்படையாகக் கொண்டவை. உதியன்குளங்கரை போன்ற ஊரின் மாணவர் இந்நூல்களின் அயல்வாசகர் அல்லர். ஆயினும் கட்டுரை ஏட்டில் பிழையெனச் சுழிக்கப்பட்ட தம் வீட்டுச் சொல்லை நாவலில் அவர் காணும்போது, அச்சொல்லுக்கு நேராக அடிக்குறிப்பு ஒரு பாடநூற்சொல்லைத் தருகிறது. அடிக்குறிப்பு பொருளை விளக்குகிறது என்பது உண்மையே. ஆனால் அச்சொல் அங்கு ஏன் நின்றது என்னும் வினாவுக்கு இடமில்லாமற் செய்துவிடுகிறது.

4. எடுத்துக்காட்டுப் பகுதி

வகுப்பில் எடுத்துக்கொள்ளத்தக்க பகுதியின் அளவையும் தன்மையையும் காட்டுவதற்காகக் கீழ்வரும் பகுதி இக்கட்டுரைக்கென்றே அமைக்கப்பட்டுள்ளது.

"விடியுமுன்னே முதலாளி வந்தார். திண்ணையில் உட்காரவில்லை. 'குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?' என்று அம்மை கேட்டாள். வேண்டாமாம். விளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பன் பனையிலிருந்து இறங்கி வந்தான். அக்கானிக் குடுவையைக் கீழே வைத்தான். 'நம்ம விளைதானே, நான் வந்து பாக்கப்பிடாதா?' என்றார் முதலாளி. அப்பன் ஒன்றும் பறையவில்லை. குடுவையில் எறும்பு ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. வெயில் ஏறியதும் முதலாளி போனான்."

பதினொரு தொடர்கள் கொண்ட இப்பகுதிக்கு ஒரு பாடவேளை முழுவதும் தேவைப்படும். இதன் கதைச் சுருக்கம் ஒரே தொடரில் அடங்கும்: நிலவுடைமையாளர் ஒருவர் பனையேறியின் வீட்டுக்கு வந்து நிலத்தைப் பார்த்துவிட்டுச் சென்றார். அச்சுருக்கத்தில் இடம்பெறாதவற்றை மாணவரே கண்டறியுமாறு மூன்று வினாக்கள் எழுப்பப்படுகின்றன. இவ்விடத்தில் வேறு எச்சொல் வந்திருக்கக்கூடும்? இதனைச் சொல்பவர் யார்? மற்றொரு மொழிக்குக் கொண்டுசென்றால் எது குறையும்?

5. வாசிக்கும் முறை

5.1 சொல்

'வெள்ளம்' என்பது பொதுத்தமிழில் பெருக்கெடுத்த நீரையும், மலையாளத்தில் நீர் என்னும் பொதுப்பொருளையும் குறிக்கும். திருச்சி மாணவர் இச்சொல்லில் சற்றே தடைப்படுவார். பின்னர் அடிக்குறிப்பை நாடுவார். எல்லைப்புற மாணவர் தடையின்றிக் கடந்துவிடுவார். கடந்துவிடுவதுதான் அவருக்குரிய இடர். அவருக்கு விளங்காதது ஏதும் இல்லாமையால் நோக்கத்தக்கதும் இல்லையெனத் தோன்றும். எனவே 'தண்ணீர்' என்று எழுதியிருக்கலாமே என ஆசிரியர் கேட்டல் வேண்டும். தாயின் பேச்சில் 'வெள்ளம்' நிற்பதையும், கதைசொல்லியின் மொழி 'விடியுமுன்னே', 'உட்காரவில்லை' என எழுத்துவழக்கில் தொடங்குவதையும் மாணவர் அப்போது ஒப்பிட்டுக் காண்பர். தொடக்கத்தில் வீட்டுமொழி மேற்கோட்குறிக்குள் மட்டும் நிற்கிறது.

இந்த ஒழுங்கு ஒன்பதாம் தொடரில் மாறுகிறது. 'அப்பன் ஒன்றும் பேசவில்லை' என்று வந்திருக்கலாம். 'பறையவில்லை' என்று வந்துள்ளது. 'பறைதல்' சொல்லுதலைக் குறிக்கும் பழந்தமிழ் வினை. மலையாளத்தில் அதுவே அன்றாட வினை. பொதுத்தமிழ் எழுத்தில் வழக்கிழந்தது. இங்கு வினையடி வீட்டுக்கு உரியது. எதிர்மறை ஈறு எழுத்துத்தமிழுக்கு உரியது. மேற்கோட்குறிக்கு வெளியே, கதைசொல்லியின் கூற்றுக்குள்ளேயே வீட்டுச் சொல் நுழைந்துவிட்டது. தந்தை பேசாத இடத்தில் கதைசொல்லி அவருடைய சொல்லைத் தமதாக்கிக்கொள்கிறார்.

இரு மொழிக்கும் பொதுவான சொற்களைத் தனிப் பயிற்சியாகவும் கொள்ளலாம். 'எனக்கு அவகாசம் இல்லை' என்பது தமிழில் நேரமின்மையைக் குறிக்கும்; மலையாளத்தில் 'அவகாசம்' உரிமை ஆதலின், அது உரிமையின்மையைக் குறிக்கும். நிலத்தைப் பற்றிய ஓர் உரையாடலில் இத்தொடரை வைத்துப் பார்த்தால், மொழிபெயர்ப்பாளர் தவறக்கூடிய இடம் எவ்வளவு சிறியது என்பதும், அத்தவறு கதையின் போக்கையே மாற்றிவிடும் என்பதும் புலனாகும். தமிழில் மனைவியையும் மலையாளத்தில் பேச்சையும் குறிக்கும் 'சம்சாரம்' இவ்வகையில் அனைவரும் அறிந்த சொல்.

'அக்கானி' வேறுவகையினது. அடிக்குறிப்பு இதற்குப் 'பதநீர்' எனப் பொருள் தரும். குறிக்கப்படும் பொருள் ஒன்றே ஆயினும், சொல்லை மாற்றியவுடன் இவ்வீடு விளவங்கோட்டையும் நெய்யாற்றின்கரையையும் விட்டு நீங்கிவிடுகிறது. பொருளை விளக்குதல் வேறு, சொல்லை மாற்றீடு செய்தல் வேறு என்பதை மாணவர் இங்கு உணர்வர்.

5.2 வினைமுற்று

முதற் தொடரில் முதலாளி 'வந்தார்'. ஆறாம் தொடரில் அப்பன் 'வந்தான்'. இறுதித் தொடரில் முதலாளி 'போனான்'. இப்பகுதியின் நிகழ்ச்சி பெரிதும் இவ்வீறுகளிலேயே அமைந்துள்ளது. சிறப்புப்பன்மை ஈறு உடைமையாளருக்கு இயல்பாக வழங்கப்படுகிறது, தந்தைக்கு வழங்கப்படவில்லை. தந்தையைக் குறிக்கும் 'ஆன்' ஈறு நெருக்கத்தைக் காட்டுகிறதா, ஊரார் பனையேறியைப் பார்க்கும் பார்வையைக் காட்டுகிறதா என்பதை வகுப்பில் விவாதத்துக்கு விடலாம். இறுதியில் முதலாளிக்கும் அதே ஈறு வரும்போது, முன்பு வழங்கிய மதிப்பைக் கதைசொல்லி திரும்பப் பெற்றுக்கொள்வது தெளிவாகிறது. அப்பன் வாய்திறந்து மறுக்கவில்லை; மறுப்பை ஓர் ஈறு செய்துவிடுகிறது. 'அப்பன் வந்தான்' என மாணவர் எழுதினால் அதனை மரியாதைக் குறைவு எனத் திருத்தும் ஆசிரியர், 'போனான்' என்பதை அச்சுப்பிழை என்றே கருத நேரிடும்.

இங்கு மலையாள ஒப்பீடு பெரிதும் பயன்படுகிறது. ஏ. ஆர். ராஜராஜவர்மா தம் 'கேரளபாணினீயம்' நூலில் தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட நெறிகளாக ஆறு நயங்களைக் கூறுகிறார். அவற்றுள் 'புருஷபேத நிராசம்' என்பது வினைமுற்றில் தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாடு நீங்கியதைக் குறிக்கும். வந்தான், வந்தாள், வந்தார் ஆகிய மூன்றுக்கும் எழுத்து மலையாளத்தில் 'வந்நு' என்னும் ஒரே வடிவமே உண்டு. ஆகவே 'முதலாளி போனான்' என்பதை 'முதலாளி போயி' எனப் பெயர்த்தால் இப்பகுதியின் முடிவு மறைந்துவிடும்.

அதனை வேறிடத்தில் ஈடுசெய்ய வேண்டும். மலையாளம் மதிப்பைப் பதிலிடுபெயரில் காட்ட வல்லது: அத்தேஹம், அயாள், அவன் என அதற்குப் படிநிலைகள் உண்டு. 'அவன் போயி' என்றால் மதிப்பு நீங்குகிறது. ஆனால் போனவர் அப்பனோ என்னும் ஐயம் எழுகிறது. 'அயாள் போயி' என்றால் ஐயம் குறைகிறது. ஆனால் தமிழ் ஈற்றின் கூர்மை மழுங்குகிறது. மாணவர் இவ்விரண்டுள் ஒன்றைத் தெரிந்து, தெரிந்ததற்குக் காரணமும் கூறவேண்டும். அக்காரணத்தைக் கூறுவதற்கு அவர் மூலப்பகுதியை மீண்டும் படித்தே ஆகவேண்டும். பேராசிரியர் குறித்த 'மீண்டும் நோக்குதல்' இங்கு வகுப்பறைச் செயலாகிறது.

மறுதிசைப் பயணமும் பயனுடையது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956இல் வெளிவந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமியின் தமிழாக்கம் 1962இல் வெளிவந்தது. மூலத்தின் படர்க்கை வினை ஒவ்வொன்றுக்கும் ஆன், ஆள், ஆர் ஆகியவற்றுள் ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தாக வேண்டும். மூலம் சொல்லாதுவிட்ட மதிப்பைத் தமிழ் சொல்லியே தீரவேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த மாணவரிடம் அந்நாவலின் ஒரு பக்கத்தைத் தந்து முதலில் ஈறுகளைத் தேரச்செய்து, பின்னர் அச்சிட்ட தமிழாக்கத்தோடு ஒப்பிடச்செய்தல் நல்ல பயிற்சி. இலக்கணப் பாடத்தில் திணை, பால், எண், இடம் எனப் பட்டியலாகப் படித்தவை ஒருவரைப் பற்றிய மதிப்பீடாகவும் அமைவதை அவர் அதில் காண்பார்.

5.3 இடைச்சொல்லும் பெயரும்

'வேண்டாமாம்' என்னும் ஒரு சொற்றொடரில் 'ஆம்' என்பது பிறர் கூற்றைக் குறிக்கும் இடைச்சொல். முதலாளி 'வேண்டாம்' என்றதை அருகிலிருந்தே கேட்ட கதைசொல்லி அதனைக் கேள்விச்செய்தி போலக் கூறுவது ஏன்? கூற்றைத் தம்மிடமிருந்து சற்று விலக்கி வைப்பதற்கே எனலாம். முதற் தொடரின் மரியாதைக்கும் இறுதித் தொடரின் மறுப்புக்கும் இடையில் இவ்விலகல் முதற்படியாகிறது. மலையாளத்தில் அத்ரே, போலும் ஆகியன இப்பணிக்கு உண்டு. 'வேண்டெந்நு' எனக் கூற்றை அப்படியே நிறுத்தவும் இயலும். முதல் இரண்டும் எழுத்துநடைச் சாயலை மிகுதியாகத் தரும். மூன்றாவது பேச்சுக்கு நெருங்கியது, ஆனால் ஐயத்தைக் குறைவாகக் காட்டும்.

'நம்ம விளைதானே' என்பதிலுள்ள 'நம்ம' கேட்போரையும் உளப்படுத்தும் பன்மை. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் இச்சொல், இங்கு நிலம் யாருக்கு உரியது என்பதைக் கேட்பவருக்கு நினைவூட்டப் பயன்படுகிறது. தமிழின் நாம் - நாங்கள் வேறுபாட்டைப் போன்றே மலையாளத்திலும் நம்மள் - ஞங்ஙள் வேறுபாடு உண்டு. ஆதலின் இந்நுட்பம் இழப்பின்றி எல்லையைக் கடக்கும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. எது கடக்கும், எது கடவாது என்பது மொழிக்கு மொழி மாறுவதை இரு எடுத்துக்காட்டுகளையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

5.4 குறியீடு என்னும் அவசரம்

எறும்பு பற்றிய தொடரைக் கண்டவுடன் அதனை ஏழையின் குறியீடு எனக் கூறத் தேர்வுப் பயிற்சி பெற்ற மாணவர் விரைவர். அதற்கு முன் கேட்கவேண்டிய வினா, குடுவைக்குள் இருப்பதைப் பார்ப்பவர் யார் என்பதாகும். பார்ப்பவர் தலை குனிந்து நிற்றல் வேண்டும். தந்தை விடை கூறாத நேரத்தில் கண்கள் எங்கிருந்தன என்பதை அத்தொடர் தெரிவிக்கிறது. அவை தந்தையின் கண்களா, கதைசொல்லியின் கண்களா என்பதைப் பனுவல் வரையறுக்கவில்லை. பனுவல் வரையறுக்காததைத் தாமே வரையறுத்துவிடாமல் நிறுத்திக்கொள்வதும் நுண்வாசிப்பின் ஒழுக்கமே.

6. எழக்கூடிய தடைகள்

6.1 பாடத்திட்டத்தின் சுமைக்கிடையே பத்துப் பதினொரு தொடர்களுக்கு ஒரு பாடவேளையா என்னும் வினா எழலாம். எல்லாப் பாடங்களையும் இவ்வாறு நடத்த வேண்டுவதில்லை. பருவத்துக்கு இரண்டு மூன்று பகுதிகள் போதும். கவனிக்கும் பழக்கம் அமைந்தபின் மாணவர் அதனைப் பிற பகுதிகளிலும் தாமே மேற்கொள்வர்.

6.2 வட்டார வழக்கை வகுப்பில் போற்றினால் மாணவரின் எழுத்துமொழி கெடும் என்பது மற்றொரு தடை. மேற்காட்டிய வாசிப்பு இதற்கு மாறானதைக் காட்டுகிறது. 'பறையவில்லை' என்பதன் ஆற்றலை உணர, அவ்விடத்தில் எழுத்துமொழி எதனை எதிர்பார்க்கிறது என்பதை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். எழுத்துவழக்கின் நெறியை அறியாதவருக்கு அதிலிருந்து விலகியதும் தெரியாது. எனவே இம்முறை இரு வழக்குகளின் எல்லையையும் மாணவருக்குத் தெளிவாக்குகிறது.

6.3 எல்லைக்கு அப்பால் தமிழ் எழுத்தறியாத, ஆனால் வீட்டில் இப்பேச்சைப் பேசும் மாணவரும் உளர். திருவனந்தபுரம், இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டெனினும், நெய்யாற்றின்கரை வட்டத்தில் மலையாளமே பரவலான கல்விமொழி. இத்தகையோருக்கு ஆசிரியர் பகுதியை உரக்கப் படித்துக்காட்டி, செவிவழி வாசிப்பாக இதனை நடத்தலாம். வினைமுற்று ஈறுகளின் மாற்றம் செவிக்கும் எளிதில் புலப்படுவதே.

7. முடிவுரை

தென்திருவிதாங்கூர்ப் பகுதியின் பேச்சை மொழியியலார் முன்பே ஆய்வுக்குரியதாக ஏற்றுள்ளனர். நாகர்கோவில் வடசேரியைச் சேர்ந்த வ. அய். சுப்பிரமணியம் திருவனந்தபுரத்திலிருந்து மேற்கொண்ட மலையாளக் கிளைமொழி ஆய்வின் முதற்பகுதி 1974இல் வெளிவந்தது. ஆய்வேடு ஏற்றுக்கொண்டதை வகுப்பறை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்ப மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் செய்யத்தக்க பணிகள் இரண்டு.

முதலாவது, எல்லைப்புற நாவல்களிலிருந்து பத்துத் தொடர் அளவிலான பகுதிகளைத் தெரிந்து, மாற்றீட்டுச் சொல்லைத் தரும் அடிக்குறிப்புக்குப் பதிலாக வினாக்களைத் தரும் ஒரு பயிற்சித் தொகுதியை இரு எழுத்துகளிலும் அமைத்தல். இரண்டாவது, வினைமுற்று ஈறு, பதிலிடுபெயர், இடைச்சொல் ஆகியவை தமிழ் - மலையாள மொழிபெயர்ப்பில் எவ்வாறு ஈடுசெய்யப்பட்டுள்ளன என்பதை அச்சிட்ட மொழிபெயர்ப்புகளிலிருந்து திரட்டி ஆசிரியர்க்கு வழங்குதல்.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே நாளைக்கு மொழிபெயர்க்கக் கூடியவர்களுள் பலர் இன்று உதியன்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளைப் பகுதிகளின் பள்ளிகளில் பயில்கின்றனர். தம் பேச்சு பிழையானது என்னும் எண்ணத்தோடு அவர்கள் பள்ளியை விட்டு வெளியேறினால், இரு மொழிகளும் தமக்குரிய வாசகரை இழக்கும். 'போனான்' என்னும் ஈற்றில் ஒரு வீட்டின் மறுப்பைக் கண்டறிந்த மாணவர், தம் வீட்டுச் சொல்லையும் அதே கவனத்துடன் கேட்பார். எழுதும்போதும் மொழிபெயர்க்கும்போதும் அக்கவனம் அவருக்குத் துணைநிற்கும்.